ஏஞ்சல் அலசாத மணல்

ஏஞ்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவள் மொட்டை மாடித் தோட்டத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வருகிறது. தப்பை மறைக்கத் தெரியாத முகம்.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடி அவளுக்கு. காலையில் மீன் விற்பாள். மத்தியானம் அடையாறில் ஒரு வீட்டுச் செடிகளைப் பார்த்துக்கொள்வாள். கட்டத் தோட்டம் போடுவதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மேலே வலை நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் ஒன்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு பயிர். அதை எங்களுக்கும் சொல்லித்தருகிறேன் என்று, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எங்களை மாடிக்கு இழுப்பாள்.

“பெரிம்மா, ஒரு கட்டத்துல ஒரு மொளகா நாத்துதான். நீ இன்னா, ஷேர் ஆட்டோல ஆள ஏத்துற மாதிரி ஏத்திக்கினு கீற?” என்று முதல் நாளே என்னைத் திட்டினாள்.

“எடம் கீதேன்னு வெச்சேன். ஷேர் ஆட்டோல கூட நாலு பேரு வந்தா எறக்கியா வுட்ருவான்?” என்றேன்.

மண் இறுகாமல் இருக்க மணல் வேண்டும். எதிரே கடல் இருக்கும்போது காசு கொடுத்து யார் வாங்குவது? ஆனால் கடல் மணலை அலசி, வடிகிற தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். கரிப்பு போகும்வரை விடக் கூடாது. இதை ஏஞ்சல் பத்துத் தரம் சொல்லியிருப்பாள். நாங்கள் அவரவர் மணலை அலசினோம். எங்களில் முட்டி வலியால் கீழே குந்த முடியாத கெங்கம்மாவுக்கு மட்டும் ஏஞ்சலே அலசி நிரப்பிக் கொடுத்தாள்.

எல்லார் பெட்டியிலும் கீரை தலையாட்டியது. கெங்கம்மாவின் பெட்டியில் முளைத்ததெல்லாம் ஓரம் கருகி, நெருப்பு பட்ட மாதிரி சுருண்டுவிட்டது.

அது ஆடி மாதம். எங்கள் தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது உலைப் பானையில் முதல் கை கேழ்வரகு மாவைப் போடுவது கெங்கம்மாதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கைதான். கோயில் காரியம் பார்க்கும் ரத்னா அந்தப் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, “அவ கை வெச்சதெல்லாம் வெந்துபூட்ச்சு. இந்த வருசம் மாவ வேற யாருனா போடட்டும்” என்றாள். கெங்கம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தச் செடியையும் தொடவில்லை.

ஏஞ்சல் அதற்குப் பிறகு நாள் தவறாமல் கெங்கம்மா வீட்டுக்கு மீன் கொண்டுபோனாள். ஒருநாள் சங்கரா, ஒருநாள் வஞ்சிரத்தில் நடுத்துண்டு. விற்கிற மீனில் வாலைக்கூடச் சும்மா கொடுக்காதவள். கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவருவாள். படிக்கட்டில் மடக்கினேன்.

“ஏம்மே, அவளுக்கு இன்னா செஞ்ச நீ?”

அழுதுவிட்டாள். கெங்கம்மாவின் மணலை அலசிய அன்றைக்கு மாடிக் குழாயில் பாதியில் தண்ணீர் நின்றுவிட்டதாம். கீழே போய்க் குடம் தூக்கிவரச் சோம்பல். ஒரே அலசு. நாக்கில்கூட வைத்துப் பார்க்கவில்லையாம்.

“பாவசங்கீர்த்தனம் பண்ட்டேன் பெரிம்மா. செஞ்ச தப்ப ஃபாதர் கைல சொல்ட்டேன்.”

“அவுரு கைல சொன்னா மண்ணுல கீற உப்பு பூடுமா? அவுரு இன்னா சொன்னாரு?”

“கெங்கம்மாக்கா கைல போயி சொல்லுன்னாரு.”

“சொன்னியா?”

“மீனு குடுத்தேன்.”

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கெங்கம்மா வலிக்கிற காலோடு மாடியேறி வந்தாள். தோட்டம் கற்றுக்கொள்ள இல்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். “வேற யாருக்குனா குடும்மா. என் கை ஆவாது” என்றாள்.

ஏஞ்சல் பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அதில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்ததைக் கிண்ணத்தில் பிடித்தாள். எல்லாரும் பார்க்க மடக்கென்று குடித்தாள். மீதியை, அங்கே வந்திருந்த ரத்னாவிடம் நீட்டினாள். ரத்னா நாக்கில் வைத்ததும் தூவென்று துப்பினாள்.

“கரிக்குதா? அது கெங்கம்மாக்கா கை இல்ல. என் சோம்பேறித்தனம்” என்றாள் ஏஞ்சல்.

கெங்கம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அந்த மீனெல்லாம் இதுக்குத்தானா?”

ஏஞ்சல் ஆமாம் என்று தலையசைத்தாள்.

“ஊரே என் கையப் பேசுச்சு. வாய மூடிக்கினு எனக்கு வஞ்சிரம் துண்ணக் குடுத்திக்கீற. வாயத் தொறந்து சொல்றதுக்குப் பதிலு கொழம்பா?”

ரத்னா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வெள்ளிக்கெயம மாவு போட நீயே வந்துரு, அக்கா” என்றாள். கெங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போனாள், போட்டாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு புது மணலை அலசினாள். ஏஞ்சல் கை வைக்கப் போனாள்.

“தொடாத.”

ஏஞ்சல் கையை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். கெங்கம்மா வடிந்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு காலிக் குடத்தைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள்.

“இன்னும் கரிக்குது. மாடிக் கொயாய்ல தண்ணி வரல. போ, கீயப் போயி எட்த்துனு வா.”

ஏஞ்சல் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.