குழாயடியில் நான் சொன்ன பொய்

ஐம்பத்தேழாம் ஆண்டு. நெய்வேலியில் சுரங்கம் தோண்டத் தொடங்கியிருந்த சமயம். குவார்ட்டர்ஸ் இன்னும் எழும்பவில்லை. தகரக் கொட்டகைகளில் வரிசையாகக் குடியிருந்தோம். வரிசைக்கு ஒரே குழாய்.

மெட்ராஸில் கப்பல் வழியாக ஃப்ளூ காய்ச்சல் வந்துவிட்டதாகப் பேச்சு. மெஷின் பெட்டிகளை எடுத்துவரத் துறைமுகம் போன என் கணவர் இருமிக்கொண்டே திரும்பினார். யாருக்கும் சொல்லாமல் அவரை உள்ளே படுக்க வைத்தேன். அந்த வாரமே வரிசையில் நான்கு பேர் படுத்துவிட்டார்கள்.

யார் கொண்டுவந்தது என்று குழாயடியில் பேச்சு எழுந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. "பக்கத்து வீட்டு புஷ்பாதான். போன வாரம் மெட்ராஸ் போய் வந்தாளே" என்றேன்.

மறுநாள் பெண்கள் அவளைக் குழாயருகே விடவில்லை.

"அக்கா, கொழந்தைக்குக் கஞ்சி வெக்கணுங்க. நீங்களே புடிச்சி எட்ட வெச்சிடுங்க" என்று என்னைத்தான் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காலிக் குடத்தோடு வாய்க்காலுக்கு நடந்தாள்.

காய்ச்சல் ஓய்ந்தபின் ஒருநாள், துணி உலர்த்தும்போது மெல்லக் கேட்டாள்: "அண்ணனுக்கு இருமல் வுட்டுடுச்சாங்க?"

உதறிய துணியைக் கொடியில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "உனக்குத் தெரியுமா?"

"நடுவுல ஒரு தகரந்தானே. மொத நாளே கேட்டுச்சி."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களையும் தொரத்துவாங்க. அண்ணன் படுத்துகினு இருக்கச்சே நீங்க தண்ணிக்கு எங்க போவீங்க?"

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடத்தான் குழாயடிக்குப் போனேன். எல்லாரும் இருந்தார்கள். குடம் நிரம்பியது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். புஷ்பா குடும்பம் ஊரைவிட்டுப் போகும்வரை நான் வாய் திறக்கவே இல்லை.