ப்ளேன் சேலை

இன்றைக்குக் குன்னூரிலோ ஊட்டியிலோ எந்தத் துணிக்கடைக்குப் போனாலும் ஷோகேஸில் ஒரு மொட்டைக் குர்தா தொங்கும். பூ கிடையாது, ஜரிகை கிடையாது, வெளியே தெரிகிற பட்டன்கூடக் கிடையாது. ஒரே நிறம், பக்கத்தில் ஒரு பாக்கெட், அவ்வளவுதான். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுத் தையற்காரர்கூட "அந்த ப்ளேன் மாடலுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அளவெடுக்கிறார். அந்த மாடலை இந்த மலையில் முதன்முதலில் வெட்டியவர் எங்கள் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து குன்னூரில் கடை போட்ட டிசைனர். கல்யாணத்துக்கு முன்பே நான் அங்கே விற்பனைக்குச் சேர்ந்துவிட்டேன்.

ஆரம்பத்தில் வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: இது தைத்து முடித்த துணியா, இன்னும் வேலை பாக்கி இருக்கிறதா? நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முடித்ததுதான் என்பேன். அக்காவுக்கு அடக்கமெல்லாம் வராது. கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி பதித்துத் தரச் சொன்ன ஒரு பணக்கார அம்மாவிடம், "கண்ணாடி வேணும்னா செவுத்துல மாட்டிக்கோங்க, கழுத்துல எதுக்குங்க?" என்று கேட்டேவிட்டார். அந்த அம்மா விருட்டென்று வெளியேறினார். பிறகு மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்பது வேறு கதை.

அக்காவின் சாமர்த்தியமெல்லாம் வெட்டுவதில்தான். தோளில் தையல் எங்கே விழ வேண்டும் என்பதற்காக ஒரே குர்தாவைப் பிரித்துப் பிரித்துத் தைப்பார். துணி உடம்பில் சரியாக விழுந்துவிட்டால் பூ எதற்கு, சரியாக விழாவிட்டால் பூ வைத்துத்தான் என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி. ஜிகினா வைத்த சுடிதாரோடு வேலைக்குச் சேர்ந்தவள் நான். கொஞ்சம் கொஞ்சமாக எனக்கும் கண் மாறிவிட்டது. என் பழைய சுடிதார்களை எடுத்துப் பார்த்தால் திருவிழாச் சப்பரம் மாதிரி இருந்தது.

அம்மாவுக்கு மட்டும் கண் மாறவில்லை. அம்மா பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவர். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். அவருக்குத் தெரிந்த ஒரே ப்ளேன், ப்ளேன்டீ. பால் ஊற்றாத டீயை சிலோன் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் வீட்டு ஆட்களுக்கு ப்ளேன்டீ, விருந்தாளிக்குப் பால் டீ. பாலில்லாத நாளில் விருந்தாளி வந்துவிட்டால், டம்ளரை நீட்டும்போதே அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் பெருமையாக "ப்ளேன் துணி" என்று சொல்லும்போதெல்லாம் அவர் காதில் அது வக்கில்லாதவர்களின் துணி என்றுதான் விழுந்திருக்க வேண்டும்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தச் சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தார்கள். ரிசப்ஷன் சேலை தன் பரிசு என்று சொல்லிவிட்டு, அக்கா தறியில் சொல்லி நெய்து வாங்கினார். அடர்ந்த சிவப்புப் பட்டு. கரை இல்லை, முந்தியில் ஒரு கோடுகூட இல்லை. அத்தனை அழகான சேலையை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்றார். ஃபால்ஸ் தைக்கக் கொடுத்து வாங்கி வைப்பதாகச் சொன்னார். ஃபால்ஸ்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ரிசப்ஷன் அன்று எங்கள் ஊர் மண்டபத்து அறையில் பையைத் திறந்தால், சேலையின் நாலு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குத் தங்க நிற லேஸ். முந்தியில் குஞ்சம் வேறு. வெளியே முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்துக்கொண்டே குன்னூரிலிருந்து வந்து சேர்ந்தவர். கதவருகே நின்று அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையில்லாத சேலையோட மேடை ஏறுனா, பெத்தவளுக்கு வக்கில்லன்னுதானே புள்ள பேசுவாங்க" என்றார்.

அவிழ்க்கச் சொன்னால் அம்மா வாடிப்போவார். கட்டிக்கொண்டு போனாலோ, அக்காவின் வாய் சும்மா இருக்காது. ஒரே ஒரு கிண்டல் போதும், சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க அம்மா கூனிக்குறுகிப் போவார். என்ன ஆனாலும் சரி என்று கட்டிக்கொண்டேன். அக்கா கோபித்தால் காலில் விழுந்துகொள்ளலாம்.

வாழ்த்துவதற்காக அக்கா மேடை ஏறினார். அவர் பார்வை என் தோளில் தொடங்கி, லேஸ் வழியாக இறங்கி, குஞ்சத்தில் போய் நின்றது. கடையில் அந்தப் பார்வைக்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பயத்தில் மாப்பிள்ளையின் கையை நான் நெரித்த நெரிப்பில் அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாலேயே அக்காவிடம் கெஞ்சலாம் என்று நினைப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். முதலாளியம்மாவின் தவறைப் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்ட தோரணை அவர் முகத்தில் இருந்தது.

"அவசரத்துல கரை வைக்க மறந்துட்டீங்க போல. அதுக்கென்ன, நானே வச்சுட்டேன்."

அத்தைமார், சித்திமார் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். பட்டனை வெளியே வைக்கச் சொன்னதற்காகப் பெரிய ஆர்டரையே திருப்பி அனுப்பியவர் அவர். லேஸை விரலால் மெல்லத் தடவினார்.

"ஆமாங்கம்மா, மறந்துட்டேனுங்க. நல்லவேளை, நீங்க பாத்து வெச்சீங்க" என்றார்.

அம்மா அவர் கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று நினைத்து அத்தைமாரும் கூடச் சேர்ந்து அழுதார்கள்.