அட்டெண்ட் என்ற சொல்லும் காதர் பாயும்

செம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது காதர் பாயின் அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. ஏதாவது ஓர் இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார், பாயசம் முடியட்டும் என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மாட்டுங்காவில் வீடு வந்து சேர்ந்து திரும்ப அழைத்தபோது எடுத்தது அவர் மகள் மும்தாஜ். "மாமா, வாப்பா மவுத்தாயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னாவ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." என்றாள்.

தாராவியில் அவருக்குப் பெல்ட் பட்டறை இருந்தது. ஆனால் இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவரைப் பெல்ட்டுக்காகத் தெரிந்திருக்காது. மத்தியானமானால் பட்டறையை மகளிடம் விட்டுவிட்டு, மடக்கு ஸ்டூலும் ஃபிளாஸ்க்குமாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். துணைக்கு ஆளில்லாத நோயாளி யாராவது வந்தால் கூட உட்கார நர்சுகளே அவரைக் கூப்பிடுவார்கள்.

எனக்கும் அப்படித்தான் அறிமுகம். குடல் ஆபரேஷன். மனைவி காலமாகிவிட்டாள், மகன் கனடாவில். கண் விழித்தால் பக்கத்தில் ஒரு தாடிக்காரர், கழுத்தில் 'அட்டெண்டன்ட்' என்று எழுதிய பாஸ். முப்பது வருஷம் இங்கிலீஷ் பத்திரிகையில் பிழை திருத்தியவன் சும்மா இருப்பேனா? போனை அட்டெண்ட் பண்ணுகிறோம், கல்யாணத்தை அட்டெண்ட் பண்ணுகிறோம், பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறார்கள், எல்லாம் ஒரே வேர் என்று ஆரம்பித்தேன். லத்தீனில் ஒன்றை நோக்கித் தன்னை நீட்டுவது, அதிலிருந்து மனதை நீட்டுவது, அதாவது கவனிப்பது, பிரெஞ்சில் காத்திருப்பது, பிறகு இங்கிலீஷில் பணிவிடை செய்வது, நேரில் வந்திருப்பது. முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி சார்வாள், இப்பம் கைய நீட்டும். ஊசி போடணுமாம்" என்றார்.

அந்த வரிசை அவருக்குப் பிடிக்கவே இல்லை. "ஒம்ம லிஸ்ட்டு தப்பு வே. வந்து நிக்கதத்தான் மொதல்ல போடணும். வராம எப்படி கவனிப்பீரு?" என்பார். அகராதியில் வரலாற்றுப்படிதான் வரும் என்று நான் குதிப்பேன். வருஷக்கணக்கில் இதே சண்டை. "ஒரு நாளு கூட வாரும், அப்பம் தெரியும்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த வாடையில்தான் அவர் எனக்காகப் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தார்.

அன்று எதற்காக என்னை அழைத்தார் என்று தெரியவில்லை. சொல்லுக்கு அர்த்தம் கேட்கத்தான் என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், தேறவில்லை. வலியில் கூப்பிட்டிருந்தால்? நான் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போயிருந்தேன். "வாப்பாவுக்கு இன்னும் ஆஸ்பத்திரிலேருந்து போன் வருது மாமா. என்ன சொல்லன்னு தெரியாம எடுக்காம விட்டுருதேன்" என்றாள் மும்தாஜ். பேசிக்கொண்டிருக்கும்போதே அலமாரி மேல் அவருடைய போன் அடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன். ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு தமிழ்ப் பெரியவர் வந்திருக்கிறார், கூட யாருமில்லை, பாய் வருவாரா என்று ஒரு நர்ஸ் இந்தியில் கேட்டாள்.

பாய் இல்லை என்று சொன்னேன். பிறகு, எந்தப் பெட் என்று கேட்டேன்.

மும்தாஜ் உள்ளே போய் மடக்கு ஸ்டூலை எடுத்து வந்து கொடுத்தாள். இப்போது அது என்னிடம்தான் இருக்கிறது.