போர்வெல் தொலைந்த வீடு

ஒரகடத்தில் ஒரு காயலாங்கடைக்காரரிடம் வேலை பார்த்த நாட்களில், உலோகம் தேடும் கருவி ஒன்று என் கைக்கு வந்தது. கட்டடம் எழும்பி முடிந்த இடங்களில் புதைந்து கிடக்கும் கம்பித் துண்டுகளைத் தோண்டி எடுப்பது எங்கள் பிழைப்பு. கருவியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில், ஏழாவதோடு நின்ற நான் படம் மட்டும் பார்த்தேன். மற்றதை வெயிலில் நின்று குமிழ்களைத் திருகித் திருகித் தெரிந்துகொண்டேன்.

சுங்குவார்சத்திரத்தில் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். குடியிருந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஷிஃப்ட் வேலை செய்யும் பையன்கள். தண்ணீர் இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் போனால் அந்த வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை.

போர்வெல் இல்லாத வீடல்ல அது. முன்பு வறண்டபோது அந்த அம்மாவின் கணவர் குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடிவிட்டார். பிறகு சாலை உயர்ந்து மழைத்தண்ணீர் உள்ளே வரவே, மனையையே மண் கொட்டி மேடாக்கினார். இப்போது மழை நன்றாகப் பெய்து பக்கத்து வீட்டு போரில் நீர் ஏறிவிட்டது. இவர்களுக்கும் ஏறியிருக்கும். போர் எங்கே என்றுதான் தெரியவில்லை.

கணவர் லாரி ஓட்டியவர். சந்தேகமே இல்லாமல் முருங்கை மரத்தடியைக் காட்டினார். அங்கே ஏற்கெனவே ஒரு குழி இருந்தது. அடுத்து காட்டிய இடத்திலும் இருந்தது.

“எல்லாம் இவரு காட்ன எடம்தாம்பா. வாழக்கன்னு வெச்சா போதும்,” என்றார் அந்த அம்மா.

கருவியை முடுக்கினேன். கால் வைத்த இடமெல்லாம் கத்தியது. விசாரித்ததில், மேடாக்கிய மண் ஒரு லேத் பட்டறையிலிருந்து இனாமாக வந்தது என்றார் கணவர். இரும்புச் சுருளும் ஆணியுமாக ஒரு கம்பெனியையே வாசலில் பரப்பியிருந்தார்.

“இன்னாப்பா பாதியில வெச்சிக்கினு கீற? ஃபுல்லா வை,” என்று உணர்திறன் குமிழைக் காட்டி எனக்கே வேலை சொன்னார்.

முழுக்கத் திருகினால் கருவிக்குச் செம்மண்ணே கேட்கத் தொடங்கும். அந்த இரைச்சலில் ஆழத்தில் இருப்பது அமுங்கிப்போகும் என்றேன். அவர் ரேடியோவையும் அப்படித்தான் வைப்பார், பாட்டு இன்னதென்று இதுவரை தெரிந்ததில்லை என்றார் மனைவி.

இன்னொரு குமிழ் ஆணி, சுருள் போன்ற சில்லறை இரும்பைப் பேசாமல் இருக்க வைக்கும். அதைத் திருகியதும் நிம்மதியாக இருந்தது. மனை முழுக்கச் சுற்றி வந்தேன், ஒரு முனகல் இல்லை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பையன் கேட்டான்: “ஏண்ணே, அந்தக் குழாயும் இரும்புதானே?”

குமிழைப் பழையபடி திருப்பினேன். சில்லறையின் வாயை அடைப்பதற்குப் பதில், கருவியின் அடித்தட்டைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அந்த உயரத்துக்குச் சில்லறை எட்டாது. பெரியது மட்டும் எட்டும். கடைசி அறையின் சுவரோரம் போனபோது மெல்லிய ஒலி எழுந்தது. அந்தப் பையனும் அவன் கூட்டாளியும் தங்கியிருந்த அறை அது.

இரும்புக் கட்டில், டிரங்குப் பெட்டி, வாளி எல்லாம் வெளியே வந்தன. அறையின் நடுவில் ஒலி நின்று பேசியது. குறுக்கே நடந்தாலும் நெடுக்கே நடந்தாலும் அதே இடம், அதே அகலம். நீளக் கம்பியென்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். இது வட்டமான பொருள்.

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். “ரூம் கட்டசொல்ல கூடவா ஞாபகம் வரல?”

“அதான் மண்ணு போட்டு மூடிட்டேனே. எப்டித் தெரியும்?” என்றார் அவர்.

தரையை உடைத்தால் அந்த இருவருக்கும் படுக்க இடமிருக்காது. உடைக்காவிட்டால் எல்லோரும் போய்விடுவார்கள். பையன் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

“ஒடைங்கக்கா. கட்டில செவரோரமா தள்ளிக்கிடுதோம். ஆனா மோட்டார் சுவிட்சு எங்க ரூமுக்குள்ளதான் இருக்கணும், பாத்துக்கோங்க.”

சிமெண்ட் பெயர்ந்ததும் தகடு தெரிந்தது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினோம். அது நனைந்து வந்தது.

யாரும் காலி செய்யவில்லை. ஆனால் மற்ற அறைக்காரர்கள் காலை ஷிஃப்டுக்குக் குளிக்க வேண்டுமென்றால், கையில் டீயோடு கடைசி அறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.