மத்தியானச் சர்க்கரை

உர்சுலாவால் தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் போனது எழுபதாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பகுதி வீட்டில் கண்ணாடி முன் நின்று சீப்பைத் தூக்கினாள். கை தோள் உயரத்தோடு நின்றுவிட்டது. இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கித் தள்ளிப் பார்த்தாள். வலியில் கண்ணில் நீர் வந்ததே தவிர, சீப்பு தலையைத் தொடவில்லை. மாதா கோயில் பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் கணவர் எட்மண்ட்தான் வந்து, கோணல் மாணலாக வாரி, ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டார்.

"கோயில்ல எல்லாரும் என்னைத்தான் பார்ப்பாங்க," என்றாள்.

"பார்க்கட்டும் லா. நான் வாரினதுன்னு சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. அந்தக் கைகளை நம்பியே பிழைத்தவள் அவள். எழுபதுகளின் தொடக்கத்தில், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, பஸ் கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதெல்லாம் ஜன்னல் திறந்த பஸ்கள். தோளில் தோல் பை, இடது கை மேலே கம்பியில், வலது கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் கருவி. சிராங்கூன் ரோட்டில் மல்லிகை மணமும் மசாலா மணமும் ஏறும். துறைமுகப் பக்கம் போனால் உப்புக் காற்றும் டீசலும். "மாசோக் டாலாம்! உள்ளே போங்க!" என்று நாள் முழுக்கக் கத்தினாலும் அவள் தொண்டை கட்டியதில்லை. வளைவில் பஸ் சாயும்போது கூட்டமே ஒரு பக்கம் சரியும்; அவள் மட்டும் நட்டு வைத்த மாதிரி நிற்பாள். தஞ்சோங் பகாரில் ஏறும் துறைமுக அலுவலக கிளார்க் ஒருவர், உட்கார இடம் இருந்தாலும் உட்காராமல் அவள் பக்கத்திலேயே நின்று வருவார். அந்த கிளார்க்தான் எட்மண்ட்.

அவளுக்கு வந்த நோய்க்கு டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயர் ஒரு பஸ் நீளம் இருந்தது. வயதானவர்களுக்குத் தோளும் இடுப்பும் இறுகிப்போகிற ஒருவகை வாதம், பெண்களுக்குத்தான் அதிகம் வரும் என்று விளக்கினார். ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக்கொடுத்தார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று சின்ன மாத்திரைகள். "இதனால சர்க்கரை ஏறலாம், கவனிக்கணும்," என்றும் சொன்னார். ஏற்கெனவே அவள் சர்க்கரை எல்லைக்கோட்டில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கை மேலே போனது. உர்சுலா தலையை வாரினாள். அவிழ்த்துவிட்டு மறுபடி வாரினாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய பானையை இறக்கினாள், தேவையே இல்லாமல் திரும்ப ஏற்றினாள். எட்மண்ட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா? இந்த மாத்திரையை நான் ஆஸ்துமாவுக்கு எத்தனை தடவை எடுத்திருக்கேன்! என்னை ஒன்னும் செய்யல. நல்ல மாத்திரை."

இரண்டு வாரம் கழித்து, வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். சர்க்கரை எப்போதும் போலத்தான் இருந்தது. அத்தோடு அந்தக் கவலையை அவள் விட்டுவிட்டாள். தாகமெடுத்தது; வெயில் அதிகம் என்று நினைத்தாள். அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருந்தது. தண்ணீர் நிறையக் குடிக்கிறோமே என்று நினைத்தாள். பசியோ சொல்லி முடியாது. பதினெட்டு வயதில் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்ட பசி திரும்பி வந்த மாதிரி இருந்தது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கண்மணி போன் செய்தாள். உர்சுலாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். லிட்டில் இந்தியாவில், பஃபலோ ரோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். "பழைய கண்டக்டருங்க எல்லாரையும் தேடிப் பிடிச்சுட்டேன்டீ. ஏழு பேரு. வெள்ளிக்கிழமை வாழையிலைச் சாப்பாடு. வராம இருந்துடாதே!"

ஏழு பேரும் வந்தார்கள். ஒருத்தி கைத்தடியோடு, ஒருத்தி மகள் தள்ளிய சக்கர நாற்காலியில். முதல் பத்து நிமிடம் யார் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே போனது. பிறகு பேச்சு நிற்கவே இல்லை. மழை நாளில் ஜன்னல் பலகையை ஏற்றியதும், பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிக்கொண்டு எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரிக்கே பஸ்ஸை விட்டதும் வெளியே வந்தன. யாரோ "மாசோக் டாலாம்!" என்று கத்த, கடையே திரும்பிப் பார்த்தது. உர்சுலா இரண்டு தடவை சோறு வாங்கினாள். பாயசமும் இரண்டு தடவை. பக்கத்தில் கண்மணி அரைக் கரண்டிச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வருடச் சர்க்கரை அவளுக்கு. போன வருடம் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"நீ சாப்பிடுடீ. எனக்கும் சேர்த்துச் சாப்பிடு," என்றாள் கண்மணி.

திரும்பும் வழியில் பூகிஸில் ரயில் மாற வேண்டும். நடைமேடையில் நின்று உர்சுலா பலகையைப் பார்த்தாள். எழுத்துகள் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டாள். அப்படியேதான் இருந்தன. வாய் வறண்டு நாக்கு ஒட்டியது. வந்த ரயிலில் ஏறினாள். அசதியில் கண் சொக்கியது. யாரோ இறங்கும்போது இடித்ததில் விழித்தவளுக்குத் தஞ்சோங் பகார் என்ற அறிவிப்பு காதில் விழுந்தது.

எதிர்த்திசை ரயில். அவசரமாக இறங்கி, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் பிறந்த இடமே இதுதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், இங்கே தொழிலாளர் குடியிருப்பில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தார்கள். சிங்கப்பூரில் எந்த நிறுத்தத்துக்குப் பிறகு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள், இன்று வீட்டுக்குப் போக வழி தெரியாமல் இருந்தாள். அவமானத்தில் அழுகை வந்தது.

ரயில் நிலைய ஊழியர் ஒருவர், முஸ்கான் என்று சட்டையில் பெயர் இருந்த நடுத்தர வயதுப் பெண், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரே மூச்சில் அவள் குடித்து முடித்ததைப் பார்த்துவிட்டு, "ஆண்ட்டிக்கு டயாபடிஸ் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்ல. டெஸ்ட் எடுத்தாங்க. இல்ல."

"எதுக்கும் இன்னிக்கே பாருங்க. எங்கம்மா இப்படித்தான் தண்ணி குடிச்சாங்க."

முஸ்கான் போன் செய்ததும் எட்மண்ட் வந்து நேராக கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். மாலை ஐந்து மணி இருக்கும். விரலில் குத்திப் பார்த்தார்கள். சிங்கப்பூர்க் கணக்கில் சாப்பிட்ட பிறகும் பத்து, பதினொன்றைத் தாண்டக் கூடாத இடத்தில் பதினெட்டு புள்ளி நாலு என்று காட்டியது. டாக்டர் சர்க்கரை மாத்திரையை ஆரம்பித்து, ஒரு வாரத்தில் வரச் சொன்னார். ஸ்டீராய்டை நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். உர்சுலா தலையாட்டினாள். காதில் எதுவும் ஏறவில்லை. மத்தியானம் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பார்த்த கண்மணியின் செருப்புதான் கண் முன்னால் இருந்தது. அகலமான செருப்பு. முன்பக்கம் ஒரு ஓரம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை முதல், எட்மண்ட் பார்க்காத நேரத்தில் மூன்று சின்ன மாத்திரைகளையும் ஊசி நூல் வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டாள்.

மூன்றாம் நாள் அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தோளும் இடுப்பும் பழையபடி பூட்டிக்கொண்டன. எட்மண்ட் தூக்கி உட்காரவைத்ததும் தலை சுற்றி வாந்தி வந்தது. ஏதோ சந்தேகத்தில் அவர் மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். பிறகு வீட்டைத் துழாவி டப்பாவைக் கண்டுபிடித்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் டப்பாவோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"கண்மணி காலைப் பார்த்தேங்க. உங்களுக்கு ஒன்னுமே செய்யாத மாத்திரை எனக்கு மட்டும் ஏன் இப்படிச் செய்யணும்?"

அதே கேள்வியை கிளினிக்கில் நர்ஸ் இளமதியிடம் எட்மண்ட்தான் கேட்டார். டாக்டர் பார்த்து ஸ்டீராய்டைத் திரும்ப ஆரம்பித்திருந்தார். இளமதிக்கு நாற்பது வயதிருக்கும், பொறுமையாகப் பேசுகிறவர். அவசரப்படாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அங்கிள், நீங்க எடுத்தப்போ என்ன வயசு?"

"நாற்பது, நாற்பத்தி ரெண்டு."

"எத்தனை நாள் எடுத்தீங்க?"

"ஒரு தடவைக்கு அஞ்சு நாள்."

"ஆண்ட்டிக்கு எழுபது வயசு, மாசக்கணக்கா எடுக்கணும். வயசு ஆக ஆக உடம்பு இன்சுலினுக்குச் சரியாக் கட்டுப்படாது. ஏற்கெனவே அவங்க எல்லைல இருந்தாங்க. அது மேல இந்த மாத்திரை தள்ளிவிட்டிருக்கு."

"பொம்பளைங்கறதாலயா?" என்றாள் உர்சுலா.

"அதுக்கு ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் ஒரே பதில் சொல்லல, ஆண்ட்டி. ஒருத்தர் பெண்களுக்கு அதிகம்பாங்க, இன்னொருத்தர் ஆண்களுக்குத்தான்பாங்க, வித்தியாசமே இல்லேன்னும் சொல்றாங்க. வயசு, மருந்தோட அளவு, எத்தனை நாளு, இதெல்லாம்தான் நிச்சயமாத் தெரியுது."

"ஆனா எனக்குக் காலையில டெஸ்ட் நல்லா இருந்துச்சே?"

"அங்கதான் ஏமாந்துட்டோம். காலையில முழுங்கற ஸ்டீராய்டு மத்தியானத்துக்கு மேல, சாயங்காலம் வரைக்கும்தான் சர்க்கரையை ஏத்தும். ராத்திரியில அடங்கிடும். வெறும் வயித்துல பார்த்தா ஒன்னும் தெரியாது. நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்க்கணும்." இளமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஃப்ரெண்டு கதை வேற. அது பதினஞ்சு வருஷம். உங்களுக்கு மருந்தைக் குறைக்கக் குறைக்க, சர்க்கரையும் இறங்க வாய்ப்பு இருக்கு. ஆனா திடீர்னு மட்டும் நிறுத்தாதீங்க. உடம்பு தானாவே ஸ்டீராய்டு சுரக்கிறதை மறந்துபோய் இந்த மாத்திரையை நம்பி இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்."

அதன் பிறகு ஒன்றரை வருடம். சோறு ஒரு கிண்ணம் என்று ஆனது. மத்தியானம் சாப்பிட்டதும் இருவரும் குடையோடு பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவுக்கு நடக்கப் போனார்கள். முதலில் சர்க்கரைக்காகப் போனது, பிறகு பேச்சுக்காகப் போவதாக மாறியது. கடலில் நிற்கும் கப்பல்களைப் பார்த்தால் எட்மண்ட் துறைமுகக் கதையை ஆரம்பிப்பார். ஒருநாள், ஐம்பது வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்குப் போக அவள் வேலை பார்த்த பஸ்ஸே தேவையில்லை, வேறொன்று வாசலிலேயே விடும்.

"அப்ப தினமும் அவ்வளவு தூரம் திரும்பி நடந்தா போனீங்க?"

"இருபது நிமிஷம்தான் லா."

உர்சுலா கொஞ்ச தூரம் நடந்தாள். வெயிலில் சாலைகளும், அவள் ஏறி இறங்கிய தகரப் படிகளும், வரிசையாக மனசில் வந்து போயின. அந்த நடையெல்லாம் நடந்த மனிதருக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைத்தோமே என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையாகவே வலித்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று மாத்திரை இரண்டரையானது, இரண்டானது. கடைசியில் மிகச் சிறிய ஒன்றில் வந்து நின்றது. தோள் பூட்டவில்லை. மத்தியானச் சர்க்கரை ஏழிலும் எட்டிலும் நிலைத்த பிறகு, சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். எல்லைக்கோட்டில்தான் இருக்கிறாள், விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உர்சுலா கண்மணிக்குப் போன் செய்து சொன்னாள். "நல்லதுடீ. ரொம்ப நல்லது," என்று கண்மணி மூக்கை உறிஞ்சினாள்.

சமீபத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் முற்றத்தில் காப்பி குடிக்கும்போது, எலைஜா என்ற எண்பது வயதுக்காரர் தனக்கு நுரையீரலுக்கு ஸ்டீராய்டு கொடுத்திருப்பதாக யாரிடமோ சொன்னார். உர்சுலா கோப்பையை வைத்துவிட்டு அவரிடம் போனாள்.

"சர்க்கரை பார்த்தீங்களா அண்ணே?"

"பார்த்தாச்சு மா. காலையில வெறும் வயித்துல. நல்லா இருக்காம்."

உர்சுலா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நாளைக்கு கிளினிக்குக்குப் போன் போடுங்க. மத்தியானம் எப்பப் பார்க்கணும்னு கேளுங்க," என்று ஆரம்பித்தாள். எட்மண்ட் இருவருக்கும் இன்னொரு காப்பி வாங்கப் போனார். இரண்டுமே சீனி இல்லாமல்.