சமூகம் எனப்பட்டவர்

கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைச் செய்து விற்ற நிறுவனம், அதை இயக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் திறந்து வைத்துவிட்டு, "இனி இதைச் சமூகம் பார்த்துக்கொள்ளும்" என்று அறிவித்தது. பயன்படுத்தியவர்கள் ஆயிரக்கணக்கில்; ஆனால் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்ட சமூகத்தின் மொத்த ஜனத்தொகையும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்தான்.

"லிஃப்ட்ல மாட்டினவங்களையே அரை மணி நேரத்துல வெளிய எடுத்துடறீங்க. நீங்க இதுல மாட்டி ஆறு வருஷமாச்சு," என்றாள் மனைவி. அடுத்த மாதம் குழந்தை பிறக்கவிருந்தது. அதற்குள் மென்பொருளை யாரிடமாவது ஒப்படைத்தே தீர வேண்டும்.

பயனர்களின் இணையக் குழுவில், "யார் எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். நாலாயிரம் பேர் உருகி உருகி நன்றி சொன்னார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. 'புலம்பல்' என்று குழுவே பட்டம் கட்டியிருந்த ஆள் மட்டும் வழக்கம்போலப் பாய்ந்தார்: "போறதுதான் போறீங்க, இடது பட்டன் ரெண்டு தடவை அமுங்குதே, அதைச் சரிபண்ணிட்டுப் போங்க. போன அப்டேட்லேர்ந்துதான் இந்தக் கூத்து."

மெக்கானிக் அவருடைய பழைய வசவுகளையெல்லாம் தேடிப் படித்தார். ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு, எந்தப் பட்டன், எதைச் செய்தபோது என்று துல்லியமாக இருந்தது. பொறுப்பை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

"ஐயையோ, நான் குறை சொல்றவன் சார்!"

"அதனாலதான் சார். முழுசாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

இடது பட்டன் பத்தே நாளில் சரியானது.

குழந்தை பிறந்த பிறகு, மெக்கானிக் அந்தக் குழுவில் தன் முதல் புகாரை எழுதினார்: "கருவியில சத்தத்தை எவ்வளவு குறைச்சாலும் கேட்டுக்கிட்டே இருக்கு. தூங்குற குழந்தை முழிச்சுக்குது. யாருங்க இதையெல்லாம் பாத்துக்கிறது?"