கோமதி அக்காவின் ஆன்டெனா நேராகப் பார்த்த காலை

கோமதி அக்கா போய்விட்டார். டெங்கு.

டிபார்ட்மென்ட் குரூப்பில் வந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்... வேறு யாரோ என்று இருந்துவிடக் கூடாதா.

திருச்செங்கோட்டுக் கல்லூரியில் நானும் அவரும் ஒரே லேப். ஒரே ஆன்டெனாவோடு மல்லுக்கட்டினோம்.

மெல்லிய ஒரு போர்டு. இரண்டு ஓரமும் உலோகம் பூசிய பொடித் துளைகள், அவைதான் சுவர். நடுவே ஓடும் அலை, மேலே வெட்டிய பிளவுகள் வழியாகக் கசியும். ஃப்ரீக்வென்சியை மாற்றினால் போதும், கசியும் அலையின் திசை பின்னாலிருந்து முன்னால் திரும்பும். மோட்டார் எதுவும் வேண்டாம்.

சிக்கல் ஒரே இடத்தில்தான். நேர் மேலே பார்க்க வேண்டிய நடு இடம் வந்ததும் அலை வெளியே போகாது, வந்த வழியே திரும்பிவிடும்.

அக்கா பிளவுகளை மாற்றி மாற்றி வரைவார். ஆனால் சிமுலேஷன் ஓடும்போது திரையைப் பார்க்க மாட்டார். வராந்தாவில் நின்றபடி, "என்ன சாமி, நடுவுல உழுந்துருச்சா?" என்பார்.

விழுந்திருக்கும். திரையில் அலையின் கோடு நடுவில் பள்ளமாகக் கிடக்கும்.

ஒருவழியாகச் சரியாகி, போர்டு செய்து, அளப்பதற்கு பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போனோம். எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு காலை.

முதல் அளவே மோசம். அடுத்த குழு வாசலில் நிற்கிறது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

போர்டைத் திருப்பிப் பார்த்தால் கனெக்டரைப் பற்றவைத்த ஈயத்தில் விரிசல்! அங்கேயே சால்டரிங் அயர்னை வாங்கினார். "போர்ட ஆடாமப் புடிச்சுக்க சாமி."

மறுபடி அளந்தோம். அலை நடுவை நெருங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அக்கா... உழுகலீங்க."

"பொய் சொல்லாத."

"நீங்களே பாருங்க."

பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அந்த அளவுகளை எழுதி ஜர்னலுக்கு அனுப்பியிருந்தோம். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் போன். "பிளேட்லெட் ஏறுதுங்கறாங்க. பேப்பர் என்னாச்சு? நடுவுல மட்டும் மறுபடி அளக்கச் சொல்லிட்டா?"

"மொதல்ல நீங்க படுங்க்கா."

"படுத்துக்கிட்டுத்தான் கேக்கறேன்."

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். எதைச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது அக்காவின் ஊரான வெண்ணந்தூருக்குப் பஸ்ஸில் இருக்கிறேன். இன்னும் மல்லசமுத்திரமே வரவில்லை. அவர் மகள் போனை எடுக்கவில்லை... நான் போவதற்குள் அக்காவை எடுத்துவிடுவார்களோ என்று மறுபடி அவளுக்கே அடிக்கிறேன்.

கொஞ்சம் இருங்க்கா... வந்துட்டே இருக்கறேன்.